திருகோணமலையில் வீட்டு இணையம்: பெக்கேஜ் பட்டியலைக் கடைசியில் பாருங்கள்

பிள்ளைக்கு உயர்தர வகுப்பு தொடங்கியதும், அல்லது புது வீட்டுக்குக் குடிவந்ததும், பலர் நேரே கடைக்குப் போய்க் கேட்பது இரண்டு கேள்வி: மாதம் எவ்வளவு? எத்தனை ஜிபி? இரண்டும் கேட்க வேண்டியவைதான். ஆனால் அதற்கு முன்னால் கேட்க வேண்டியது ஒன்று உண்டு. உங்கள் வீட்டுக்குள் இணையம் எந்த வழியால் வந்து சேரும்? உவர்மலையில் மலிவாகவும் வேகமாகவும் ஓடுகிற இணைப்பு கும்புறுப்பிட்டியில் கிடைக்காமலே போகலாம். பெயரும் விலையும் ஒன்றாக இருந்தாலும், ஒரே ஒழுங்கையின் இரண்டு முனைகளில் அது இரண்டு விதமாக வேலை செய்யும். ஆகவே முதலில் வழி, அடுத்து அளவு, கடைசியில்தான் விலை.

வீதிக்கு இறங்கிப் போஸ்டைப் பாருங்கள்

இன்றைக்கு இந்த மாவட்டத்து வீடு ஒன்றுக்கு இணையம் நான்கு வழிகளில் வரலாம்: பைபர், பழைய தொலைபேசிச் செப்புக் கம்பி, 4ஜி சிம் ரவுட்டர், ஸ்டார்லிங்க் என்ற செய்மதி இணைப்பு.

வீட்டு வாசலுக்குப் பைபர் வருமென்றால் வேறு யோசனை வேண்டாம், அதையே எடுங்கள். கண்ணாடி இழையில் ஒளி போகிறது. மழையும் தூரமும் அதை அசைப்பது மிகக் குறைவு. இன்னொரு பெரிய நன்மையைக் கரண்ட் போகும்போதுதான் உணர்வீர்கள்: தொலைபேசி நிலையத்துக்கும் உங்கள் வீட்டுக்கும் இடையில், போஸ்டில் இருக்கும் பெட்டிகளுக்கு மின்சாரமே தேவையில்லை. உங்கள் வீட்டுப் பெட்டிக்கு மட்டும் மின் கொடுத்தால் போதும்.

பைபர் இருக்கிறதா என்று அறிய, உங்கள் வீதியில் உள்ள தொலைபேசிப் போஸ்டுகளை அண்ணாந்து பாருங்கள். கைக்கடக்கமான கறுப்புப் பெட்டி ஒன்று மேலே இருந்து, அதிலிருந்து மெல்லிய தட்டையான கறுப்பு வயர்கள் வீடுகளுக்குப் பிரிந்து போனால் அநேகமாக அது பைபர்தான். அடுத்து, பக்கத்து வீட்டில் 026இல் தொடங்கும் இணைப்பு இருந்தால் அந்த எண்ணை வாங்கிக்கொண்டு எஸ்எல்ரி-மொபிடெலின் 1212க்கு அழைத்து, "இந்த எண்ணுக்குப் பக்கத்து வீடு, பைபர் கிடைக்குமா, பெட்டியில் இடம் இருக்கிறதா" என்று கேளுங்கள். இரண்டாவது பாதிதான் முக்கியம். ஒரு பெட்டியில் இத்தனை வீடுகள் என்று கணக்கு உண்டு. அது நிறைந்திருந்தால், வீதியில் பைபர் இருந்தும் உங்களுக்குக் கிடைக்காது. காத்திருப்போர் வரிசையில் பெயர் போடச் சொல்லுங்கள். டயலொக்கிலும் இதே கேள்வியைக் கேட்டுவிடுங்கள்.

போஸ்டிலிருந்து வீடு எவ்வளவு தூரம் என்பதையும் காலடியால் அளந்து வையுங்கள். அலஸ்தோட்டம், சாம்பல்தீவுப் பக்கம் வளவுகள் பெரியவை. வீடு உள்ளே தள்ளி இருக்கும். குறித்த நீளத்துக்கு மேல் வயர் இழுத்தால் மேலதிகக் கட்டணமும், நடுவில் ஒரு போஸ்ட் நட வேண்டிய தேவையும் வரலாம். இதை விண்ணப்பிக்கும் நாளிலேயே கேளுங்கள். வயர் இழுக்க வந்தவர்கள் முற்றத்தில் நிற்கும்போது பேரம் பேசுவது யாருக்கும் நல்லதல்ல.

செப்புக் கம்பி: வேறு வழி இல்லாவிட்டால்

பழைய தொலைபேசிக் கம்பியில் வரும் ஏடிஎஸ்எல் இணைப்பின் வேகத்தைத் தீர்மானிப்பது பெக்கேஜ் அல்ல. நிலையத்திலிருந்தோ தெருவோரப் பெட்டியிலிருந்தோ உங்கள் வீடு இருக்கும் தூரம்தான். ஒரு கிலோமீற்றருக்குள் என்றால் 20 எம்பிபிஎஸ்ஸை (நொடிக்கு 20 மெகாபிட்) அண்மிக்கலாம். நான்கு கிலோமீற்றரைத் தாண்டினால் நான்கு ஐந்தே பெரிய காரியம். மேலே அனுப்பும் வேகம் எப்படியும் ஒன்றைச் சுற்றியே நிற்கும். வீட்டிலிருந்து சூமில் பாடம் நடத்தும் ஆசிரியருக்கு இது போதாது: மாணவர்களின் படம் அவருக்குத் தெளிவாகத் தெரியும், அவருடைய குரல்தான் அவர்களுக்கு அறுந்து அறுந்து போகும்.

கடற்கரை வீடுகளுக்கு இன்னொரு பிரச்சினை. உப்புக்காற்று இணைப்புகளில் பச்சைக் களிம்பை ஏற்றிவிடும். மழை நாளில் மட்டும் இணையம் விழுந்து விழுந்து எழும்பினால், தொலைபேசியை எடுத்துக் காதில் வைத்துப் பாருங்கள். கரகரவென்று இரைந்தால் குற்றம் ரவுட்டரில் இல்லை, வெளியே ஏதோ ஒரு மூட்டில் இருக்கிறது. முறைப்பாட்டில் "இணையம் மெதுவாக இருக்கிறது" என்று சொல்லாமல் "லைனில் இரைச்சல்" என்று சொல்லுங்கள். அப்போதுதான் கம்பியைப் பார்க்க ஆள் வரும்.

4ஜி ரவுட்டர்: வாங்குமுன் அளந்து பாருங்கள்

குச்சவெளி, தம்பலகாமம், சம்பூர், வெருகல் என்று நகரத்தை விட்டுத் தள்ளிப் போகப் போக, நடைமுறையில் எஞ்சுவது பெரும்பாலும் சிம் போடும் ரவுட்டர்தான். டயலொக், எஸ்எல்ரி-மொபிடெல், ஹட்ச் மூன்றும் இருக்கின்றன. எயார்டெல் 2024இல் டயலொக்குடன் சேர்ந்துவிட்டது. இதில் எது நல்லது என்று ஊரில் கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். எல்லாப் பதிலும் அவரவர் வீட்டுக்குச் சரியானவை. உங்கள் வீட்டுக்கான பதிலை நீங்களேதான் அளந்து எடுக்க வேண்டும். சிக்னலை அளக்க அரை மணி நேரம் போதும்.

ஒவ்வொரு நிறுவனத்தின் சிம்மும் உள்ள போன்களைச் சேருங்கள். வீட்டில் இல்லாததை அயலவரிடம் இரவல் வாங்கலாம். அன்ட்ரொய்ட் போனில் செட்டிங்ஸுக்குள் போய், போனைப் பற்றிய பகுதியில் சிம் நிலையைத் திறந்தால் சிக்னல் வலிமை டிபிஎம் என்ற அளவில் கழித்தல் குறியோடு தெரியும். 4ஜியில் இருக்கும்போது பாருங்கள். இந்த எண் பூச்சியத்துக்குக் கிட்ட வர வர நல்லது. மைனஸ் 80 அல்லது அதைவிடக் கிட்ட என்றால் மிக நன்று. மைனஸ் 90 வரை நல்லது. 100 வரை சமாளிக்கலாம். மைனஸ் 110 என்று காட்டினால் அந்த நிறுவனத்தை மறந்துவிடுங்கள். திரையில் தெரியும் கோடுகளை நம்ப வேண்டாம். போனுக்குப் போன் அவை வேறுபடும்.

இதை வீட்டின் நான்கு பக்கமும், ஒவ்வொரு யன்னலிலும், மாடி இருந்தால் மேலேயும் செய்து ஒரு தாளில் எழுதுங்கள். ஒரே வீட்டுக்குள் 15 டிபிஎம் வித்தியாசம் வருவது சாதாரணம். நிலையான வீட்டு ரவுட்டர்களுக்கு 2300 மெகாஹேர்ட்ஸ் போன்ற உயர்ந்த அலைவரிசைகள் பயன்படுகின்றன. அவை வேகமானவை, ஆனால் கொங்கிரீட் சுவரையும் தகரக் கூரையையும் துளைத்து வருவதில் நோஞ்சான். டவருக்கும் உங்களுக்கும் இடையில் குன்று நின்றால், கன்னியாப் பக்கத்தில் சில வீடுகளுக்கு நேர்வதுபோல், டவர் கிட்டத்தில் இருந்தும் சிக்னல் வராது.

சிக்னலைப் பார்த்தபின் வேகத்தைப் பாருங்கள். ஸ்பீட்டெஸ்ட் செயலியால் காலை 10 மணிக்கு ஒரு தரம், இரவு 9 மணிக்கு ஒரு தரம், வெவ்வேறு மூன்று நாட்களில். காலையில் 30 எம்பிபிஎஸ்ஸும் இரவில் 3உம் வந்தால், சிக்னலில் பிழையில்லை. டவரில் ஆட்கள் கூடிவிட்டார்கள். இதற்கு எந்தப் பெக்கேஜும் மருந்து அல்ல. உப்புவெளி, நிலாவெளி வாசிகள் இதில் கூடுதலாக ஒன்றைக் கவனியுங்கள்: மே முதல் செப்ரெம்பர் வரை உல்லாசப் பயணிகள் வந்து நிறையும் காலம். மாரியில் அளந்து வாங்கினால் ஓகஸ்டில் ஏமாற நேரும்.

ரவுட்டரை நிறுவனத்திடம் வாங்காமல் வெளிக்கடையில் வாங்குவதானால், பெட்டியில் உள்ள 15 இலக்க ஐஎம்இஐ எண்ணைச் சரிபாருங்கள். ஆங்கிலத்தில் ஐஎம்இஐ என்று அடித்து, இடைவெளி விட்டு, எண்ணைப் போட்டு 1909க்குக் குறுஞ்செய்தி அனுப்பினால், தொலைத்தொடர்புகள் ஒழுங்குறுத்தல் ஆணைக்குழுவில் பதிவான கருவியா என்று பதில் வரும். பதில் வரும்வரை காசு கொடுக்காதீர்கள்.

வாடகை வீட்டுக்காரர்கள் கட்டாயம் கேட்க வேண்டியது: "இந்த சிம் வேறு இடத்தில் வேலை செய்யுமா, பதிந்த விலாசத்தில் மட்டும்தானா?" வீட்டு ரவுட்டர் பெக்கேஜ் இடம் மாற்ற முடியாததாக இருந்தால், பாலையூற்றில் வாங்கியது மூதூருக்கு மாறிப் போகும்போது அலுமாரிக்குள் போய்விடும்.

ஸ்டார்லிங்க் 2025 ஜூலையில் இலங்கைக்கு வந்தது. கோமரங்கடவல, மொறவெவப் பக்கம் டவரே எட்டாத தோட்டம், விருந்தினர் விடுதி என்றால் பார்க்கலாம். வானம் திறந்திருக்க வேண்டும். ஒரு தென்னை குறுக்கே நின்றாலும் நிமிடத்துக்கு நிமிடம் அறும். 75 வாட் அளவில் மின்சாரமும் தின்னும். பைபரோ நல்ல 4ஜியோ கிடைக்கும் வீட்டுக்கு இந்தச் செலவு தேவையில்லை.

எத்தனை ஜிபி?

விற்பவரைக் கேட்காமல் நீங்களே கணக்குப் பாருங்கள். யூடியூப் வீடியோ 480பியில் மணிக்கு ஏறக்குறைய அரை ஜிபி, 720பியில் ஒன்றிலிருந்து ஒன்றரை, 1080பியில் இரண்டிலிருந்து மூன்று ஜிபி எடுக்கும். 4கே தொலைக்காட்சி என்றால் மணிக்கு ஏழு. வீடியோவோடு சூம் வகுப்பு மணிக்கு ஒரு ஜிபி அளவில். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளையோடு வட்ஸ்அப்பில் குரலில் பேசுவது கணக்கில் வராத அளவு.

ஐந்து பேர் உள்ள வீடு என்று வைப்போம். தொலைக்காட்சியில் தினமும் இரண்டு மணி நேரம் 720பி: நாளுக்கு 3, மாதத்துக்கு 90 ஜிபி. பிள்ளைக்கு மாதம் 20 நாள், நாளுக்கு இரண்டு மணி நேரம் சூம்: 40. மூன்று போன்கள் நாளுக்கு ஒவ்வொரு ஜிபி: 90. போன், கணினி புதுப்பிப்புகளுக்கு 20. மொத்தம் 240. இந்த வீட்டுக்கு 100 ஜிபி பெக்கேஜ் 13ஆம் திகதி முடிந்துவிடும். பிறகு மேலதிக ஜிபி வாங்கி வாங்கியே பெரிய பெக்கேஜின் விலையைத் தாண்டுவார்கள்.

இரவு டேட்டாவைத் தனியே பிரித்துப் பாருங்கள். "200 ஜிபி" என்று பெரிதாகப் போட்டு, அதில் பாதி நள்ளிரவுக்குப் பிறகு விடியும் வரைக்கும் மட்டும் என்றால், உங்களுக்குக் கிடைப்பது 100தான். இரவு டேட்டா பயன்படுவது நேரம் குறித்துப் பதிவிறக்கம் செய்யத் தெரிந்தவர்களுக்கு மட்டுமே. படிக்கும் பிள்ளையை அதற்காக நடுச்சாமத்தில் எழுப்பக் கூடாது. ஒரு செயலிக்கு மட்டும் தரும் டேட்டாவும் இப்படித்தான்; அதை உங்கள் கூட்டலில் சேர்க்காதீர்கள்.

வரையறையற்றது என்று எழுதியிருந்தால் ஒரு கேள்வி போதும்: "எத்தனை ஜிபிக்குப் பிறகு வேகம் குறையும், குறைந்தால் எவ்வளவாக இருக்கும்?" நியாயப் பாவனை எல்லை என்று ஒன்று பின்னால் இருக்கும். எல்லைக்குப் பின்னும் 2 எம்பிபிஎஸ் தந்தால் வகுப்பு ஓடும். கிலோபிட்டில் பதில் வந்தால் அது பெயரளவுக்கு மட்டுமே வரையறையற்றது.

வேகத்தைப் பொறுத்தவரை ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். விளம்பரத்தில் வருவது மெகாபிட். கோப்பின் அளவு மெகாபைட். எட்டால் பிரியுங்கள். 10 எம்பிபிஎஸ் லைனில் ஒரு ஜிபி கோப்பு இறங்க 13 நிமிடத்துக்கு மேல் எடுக்கும், அது குற்றமில்லை. ஒரு 1080பி படத்துக்கு 5, ஒரு சூம் வகுப்புக்கு 3 என்று கூட்டினால், மேலே சொன்ன ஐவர் வீட்டுக்கு நிலையான 20 எம்பிபிஎஸ் தாராளம். 100க்கு மாறுவதற்குக் கொடுக்கும் காசை ஜிபியில் போடுவதே எங்கள் பரிந்துரை.

இப்போது விலை

பட்டியலில் உள்ள தொகை வரி சேர்த்ததா என்று கேளுங்கள். பெறுமதி சேர் வரி 2024 ஜனவரி 1 முதல் 18 வீதம். வரி சேர்க்காமல் 2,000 ரூபா என்று சொன்னால், அந்த வரியோடு மட்டும் 2,360 ஆகிவிடும். வேறு அறவீடுகளும் சேரலாம். இணைப்புக் கட்டணம், ரவுட்டர் விலை, மாத வாடகை மூன்றையும் கூட்டி முதல் 12 மாதச் செலவை ஒரே எண்ணாக எழுதி ஒப்பிடுங்கள். ரவுட்டர் இலவசம் என்பதன் பின்னால் ஒப்பந்தக் காலம் நிற்கும். அது எத்தனை மாதம், இடையில் விட்டால் எவ்வளவு கட்ட வேண்டும், ரவுட்டர் யாருக்குச் சொந்தம் என்பதைக் கையெழுத்து வைக்குமுன் தாளில் காட்டச் சொல்லுங்கள்.

விண்ணப்பத்துக்குத் தேசிய அடையாள அட்டையும், விலாசத்தை உறுதிப்படுத்த மின் அல்லது நீர்ப் பட்டியலும் கொண்டு போங்கள். பட்டியல் வேறு பெயரில் இருந்தால் கிராம உத்தியோகத்தரின் வதிவிடச் சான்றிதழையும், வாடகை வீடென்றால் உரிமையாளரின் சம்மதக் கடிதத்தையும் சேர்த்தால் இரண்டாம் நடை மிச்சம்.

வீட்டில் சிசிடிவி பூட்டி வெளிநாட்டிலிருந்து பார்க்கும் எண்ணம் இருந்தால் அதையும் இப்போதே சொல்லுங்கள். 4ஜி இணைப்புகளில் பொதுவாகப் பல வீடுகள் ஒரே பொது ஐபி முகவரியைப் பகிர்கின்றன. வெளியிலிருந்து நேரே உள்ளே வரும் வழி அங்கே அடைபட்டிருக்கும். கமரா நிறுவனத்தின் சொந்தச் செயலி வழியாகப் பார்க்கும் வகை என்றால் வேலை செய்யும்.

பூட்டும் நாளில் வீட்டில் இருங்கள்

வருபவர்கள் வேலையைச் சீக்கிரம் முடிக்க, வயர் நுழையும் மூலையிலேயே பெட்டியைப் பூட்டிவிட்டுப் போவார்கள். அது பெரும்பாலும் முன்விறாந்தை. பிறகு பின்னறையில் வைபை வரவில்லை என்று வருடக்கணக்கில் கஷ்டப்படுவது நீங்கள். வீட்டின் நடு, தலைக்கு மேல் உயரம், திறந்த இடம்: இதுதான் ரவுட்டருக்கு. அலுமாரிக்குள், தொலைக்காட்சிக்குப் பின்னால், குளிர்சாதனப் பெட்டிக்கு மேல் வேண்டாம்.

பைபர் வயரைச் சுவர் மூலையில் செப்புக் கம்பியைப் போல மடிக்க விடாதீர்கள். வளைவு ஒரு தேநீர்க் கோப்பையின் வாயைவிடச் சிறியதாக இருக்கக் கூடாது. உள்ளே இருப்பது கண்ணாடி. முறியாவிட்டாலும் மடிப்பில் ஒளி கசியும். மிஞ்சும் வயரைச் சுருட்டி வைக்கட்டும், வெட்ட வேண்டாம். பச்சைத் தலையுள்ள இணைப்பானின் முனையில் விரல் படக் கூடாது. பூட்டி முடித்ததும் "ஒளியின் அளவு எவ்வளவு?" என்று கேட்டு எழுதி வையுங்கள். மைனஸ் 15க்கும் 25க்கும் இடையில் இருந்தால் நல்லது. மைனஸ் 27 என்றால் அன்றைக்கு ஓடும், அடுத்த மாரியில் நிற்கும். மீண்டும் இணைப்பைச் சுத்தம் செய்து பூட்டச் சொல்லுங்கள்.

4ஜி ரவுட்டர் என்றால் முன்பு எழுதிய தாளை எடுத்து, சிறந்த எண் வந்த யன்னலோரத்தில் வையுங்கள். பிறகு உலாவியில் 192.168.8.1 அல்லது 192.168.1.1 அடித்து (சரியான முகவரி ரவுட்டரின் அடியில் இருக்கும்) ஆர்எஸ்ஆர்பி எண்ணை (4ஜி சிக்னல் வலிமை) பார்த்தபடி ஒரு சாண் அங்குமிங்கும் நகர்த்துங்கள். அதே பக்கத்தில் நிர்வாகக் கடவுச்சொல்லையும் மாற்றிவிடுங்கள்.

வைபையில் இரண்டு பெயர் தெரிந்தால், 5 கிகாஹேர்ட்ஸ் உள்ளதைத் தொலைக்காட்சிக்கும் வகுப்புக் கணினிக்கும் கொடுங்கள். அது வேகம் கூடியது, ஆனால் இரண்டு சுவரைத் தாண்டாது. தூர அறைகளுக்கு 2.4. மாடி வீட்டில் கொங்கிரீட் தட்டுக்கு மேல் எதுவும் சரிவராவிட்டால், ஒரு லான் வயரை மேலே இழுத்து அங்கே இரண்டாவது ரவுட்டரைப் பூட்டுவதுதான் நிலையான வழி. சிக்னலைப் பெருக்கும் மலிவான சுவர்ப் பெட்டிகள் வேகத்தைப் பாதியாக்கிவிடும்.

கரண்டும் இடியும்

கரண்ட் போனாலும் ரவுட்டரை ஓடவைக்கும் மினி யூபிஎஸ் வாங்கும்போது ரவுட்டர் அடப்டரில் எழுதியிருக்கும் வோல்ட், அம்பியரைப் பார்த்து வாங்குங்கள். 12 வோல்ட் கருவியை 9 வோல்ட்டில் கொடுத்தால் எரியாது, ஆனால் அடிக்கடி நின்று நின்று எழும்பும். 8,800 மில்லி அம்பியர்மணி என்று போட்டிருப்பது உள்ளே உள்ள 3.7 வோல்ட் கலத்துக்கான கணக்கு. அதாவது 32 வாட்மணி அளவு, இழப்புப் போக 27. 9 வாட் எடுக்கும் பைபர் பெட்டி மூன்று மணி நேரம் ஓடும். 4ஜிக்காரர்களுக்கு இன்னொரு எல்லையும் உண்டு: டவரின் பற்றரியும் சில மணி நேரத்தில் இறங்கிவிடும்.

ஒக்ரோபர், நவம்பர் இடி மின்னல் காலத்தில் அடப்டரைச் செருகியிலிருந்து கழற்றுங்கள். ஆளியை மட்டும் அணைப்பது போதாது. செப்புக் கம்பி இணைப்பென்றால் தொலைபேசி வயரையும் கழற்ற வேண்டும். அநேகமான ரவுட்டர்கள் சாவது அந்த வயர் வழியாக வரும் மின்னலால்தான். பைபர் இழை மின்னலைக் கடத்தாது, ஆனால் அடப்டரும் லான் வயரும் கடத்தும். 2020 டிசம்பர் 2 இரவு புரெவிப் புயல் திருகோணமலைக்கு வடக்கே கரை கடந்தது. அப்படியான நாட்களுக்கு, வீட்டு இணைப்பு எந்த நிறுவனமோ அதுவல்லாத ஒன்றின் சிம் ஒரு போனில் இருக்கட்டும்.

நின்றுவிட்டால்

பைபர் பெட்டியில் எல்ஓஎஸ் விளக்கு சிவப்பாக மினுங்கினால் ஒளி வரவில்லை என்று அர்த்தம். பச்சைத் தலை இணைப்பான் தளர்ந்திருக்கிறதா, வயர் கதவிடுக்கில் நசிந்ததா என்று மட்டும் பாருங்கள். மிச்சம் அவர்களுடைய வேலை. சிவப்பு இல்லாமல் இணையம் மட்டும் இல்லையென்றால் டேட்டா முடிந்ததா, பில் நிலுவையா என்று முதலில் செயலியில் பாருங்கள். மெதுவாக இருக்கிறது என்று முறையிடுமுன் லான் வயரால் நேரே கணினியைப் பூட்டி ஒரு தரம் அளந்து பாருங்கள். வயரில் வேகம் வந்து வைபையில் வராவிட்டால் குற்றம் வீட்டுக்குள்தான்.

முறைப்பாடு செய்யும்போது முறைப்பாட்டு இலக்கம், திகதி, பேசிய நேரம் மூன்றையும் குறியுங்கள். வேகச் சோதனையின் திரைப்பிடிப்புகளை நேரத்தோடு சேமியுங்கள். நிறுவனம் தீர்க்காவிட்டால் ஒழுங்குறுத்தல் ஆணைக்குழுவின் 1900க்கு அழைக்கலாம். முதலில் நிறுவனத்திடம் முறையிட்ட இலக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.

இணைப்பை விடும்போதும் வெறுமனே பில் கட்டாமல் விட்டுவிடாதீர்கள். நிலுவை ஏறிக்கொண்டே போகும். எழுத்தில் துண்டிப்பு விண்ணப்பம் கொடுத்து, ரவுட்டர் அவர்களுடையதென்றால் அடப்டரோடு ஒப்படைத்து, இரண்டுக்கும் பற்றுச்சீட்டு வாங்கி அடையாள அட்டைப் பிரதியோடு ஒரு வருடமாவது பத்திரப்படுத்துங்கள்.